ஆத்தங்குடி கல்லா, விட்ரிஃபைட் டைல்ஸா?

காரைக்குடி பக்கம் வீடு கட்டுறவங்க தரைன்னு வந்ததும் இங்கதான் முழிக்கிறாங்க.

செய்முறை: ஆத்தங்குடி கல்லுங்கிறது கையால செய்யுற சிமெண்ட் தரை ஓடு, அத கண்ணாடி மேல வார்த்து, தண்ணில ஊறவெச்சு காயவிடுவாங்க, சூளையே கிடையாது, அவசரத்துக்கு ஆகாது. விட்ரிஃபைட் சூளைல சுட்டது, கடைல ரெடியா இருக்கும்.

ஆளு: பெரிய தலைவலியே இதான். ஆத்தங்குடி பதிக்க கை பழகின கொத்தனார் வேணும், அந்த வேலைக்கு புதுசா வர்ற பசங்க கம்மி, ஆள் கிடைக்கிற வரைக்கும் வேலை நிக்கும். விட்ரிஃபைட்ட எந்த டைல்ஸ்காரரும் ஒட்டிருவாரு.

உழைப்பு: ஆத்தங்குடி நடக்க நடக்க மினுங்கும், ஆனா எலுமிச்சை, புளி சிந்துனா கறை. விட்ரிஃபைட்ல கறை லேசுல பிடிக்காது, பளபளா ரகம் ஈரத்துல வழுக்கும்.

செலவு: கல் விலைய மட்டும் பாக்காதீங்க, கூலியையும் சேருங்க.

முகப்பு, வளவுக்கு (உள் முற்றமும் அத சுத்தின இடமும்) ஆத்தங்குடி, அடுப்படிக்கு டைல்ஸ். வாடகைக்கு விடுற வீடுன்னா முழுக்க டைல்ஸே போடுங்க, ஆச்சி கோவிச்சாலும் பரவால்ல.