4கே லப்டொப்பில் பழைய பேஜ்மேக்கர், போட்டோஷொப்: எந்த ஸ்கேலிங் எதற்கு?

கனடாவிலோ இலண்டனிலோ இருந்து சொந்தக்காரர் கொண்டுவந்து தந்த 4கே (3840க்கு 2160 பிக்சல் திரை) லப்டொப். அதில் போட்டோஷொப் சிஎஸ்6ஐப் போட்டால் டூல்பார் எறும்பு அளவுக்குச் சுருங்கிவிடும். பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் 7 என்றால் அளவு சரியாக இருக்கும், ஆனால் எல்லாம் கலங்கித் தெரியும். கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் கலியாணக் கார்ட், கல்வெட்டு (இறந்தவர் நினைவு மலர்) அடிப்பவர்களுக்கு இரண்டுமே தலையிடிதான்.

காரணம் எளிது. 15.6 அங்குல 4கே திரையில் ஓர் அங்குலத்துக்கு ஏறக்குறைய 282 பிக்சல். பழைய 96 பிக்சல் மொனிட்டரில் 4 மில்லிமீற்றருக்குச் சற்று மேலாக நிற்கும் 16 பிக்சல் ஐகன், இங்கே ஒன்றரை மில்லிமீற்றர்கூட வராது. போட்டோஷொப் சிஎஸ்6 ஸ்கேலிங்கை (திரைக்கு ஏற்ப எழுத்து, ஐகனைப் பெரிதாக்குவதை) நானே பார்த்துக்கொள்கிறேன் என்று விண்டோஸிடம் சொல்லிவிட்டு ஒன்றும் செய்வதில்லை. பேஜ்மேக்கர் எதுவுமே சொல்வதில்லை. ஆகவே விண்டோஸ் அதன் படத்தை அப்படியே இழுத்துப் பெரிதாக்குகிறது.

மாற்றும் இடம் ஒன்றுதான்: ஷோர்ட்கட்டில் ரைட் கிளிக், புரோப்பர்ட்டீஸ், கொம்பாட்டிபிலிட்டி, சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ். அடியில் உள்ள ஓவர்ரைட் பெட்டியில் சரி போட்டால் மூன்று தெரிவு வரும். புரோகிராமை மூடித் திறந்தால்தான் பலன் தெரியும்.

‘அப்ளிகேஷன்’ கூர்மையாக இருக்கும், ஆனால் ஐகன் குட்டி. ஷோர்ட்கட் விசைகள் மனப்பாடமானவர்களுக்கு மட்டும்.

‘சிஸ்டம்’ டூல்பாரைப் பெரிதாக்கும். ஆனால் போட்டோஷொப்பில் படமும் சேர்ந்தே இழுபடும். 100 சதவீதத்தில் பார்த்தாலும் அது உண்மையான பிக்சல் அல்ல. படம் மங்கல் என்று நினைத்து ஷார்ப்பனைக் கூட்டினால், பிரிண்டில் முகம் சொரசொரவென்று வரும்.

‘சிஸ்டம் என்ஹான்ஸ்ட்’ 2017இல் விண்டோஸ் 10இன் 1703 பதிப்போடு வந்தது. ஜிடிஐ (விண்டோஸின் பழைய வரையும் முறை) வழியாக வரையும் எழுத்தைத் திருப்பிக் கூர்மையாக வரைகிறது. பிட்மெப் (பிக்சல் படமாக உள்ள) ஐகன்கள் மங்கலாகவே நிற்கும். பேஜ்மேக்கருக்கு முதலில் முயல வேண்டியது இதைத்தான். பாமினி எழுத்துருவில் அடித்த கல்வெட்டைச் சரிபார்க்கும்போது ‘க’வா ‘க்’கா என்பது ஒரு புள்ளியில்தான் இருக்கிறது, கலங்கிய திரையில் அந்தப் புள்ளி தப்பிவிடும். கிராபிக்ஸ் கார்ட் வழியாகப் படம் காட்டும் போட்டோஷொப்புக்கு இதனால் பெரிய நன்மை இல்லை.

ரெசலூஷனைக் குறைப்பது கடைசி வழி. 4கேயில் 1920க்கு 1080 வைத்தால் சரிபாதி, சமாளிக்கலாம். சாதாரண 1080 திரையில் 1366க்கு 768 வைத்தால் பிக்சல் சரியாகப் பிரிபடாது, முழுத் திரையும் மங்கும்.

நாள் முழுக்க வேலை என்றால் எங்கள் தெரிவு வேறு. மூலையில் கிடக்கும் 19 அங்குல மொனிட்டரை லப்டொப்பில் கொழுவி, அந்த மொனிட்டரின் ஸ்கேலிங்கை 100 சதவீதமாக வையுங்கள். பேஜ்மேக்கர் விண்டோவை அதற்குள் இழுத்ததும் கலங்கல் போய்விடும். ‘அப்ளிகேஷனில்’ விட்ட போட்டோஷொப்பின் ஐகனும் அங்கே பழைய அளவில் நிற்கும். கரண்ட் போனால் மொனிட்டரும் போய்விடும் என்பதுதான் குறை.

இலவச ஒபிஸ் மென்பொருளான லிப்ரே ஒபிஸில் இவ்வளவு பாடில்லை: டூல்ஸ், ஒப்ஷன்ஸ், வியூவில் ஐகன் அளவைப் பெரிதாக்கினால் போதும்.