அப்பா எந்தச் சோதனையில் இருபத்தெட்டு வாங்கினார்?

"அப்பா முப்பதுக்கு இருபத்தெட்டு, பயப்பட ஒன்றுமில்லை" என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, எந்தச் சோதனையில் என்றுதான்.

டிமென்ஷியா என்கிற மறதி நோய் இருக்குமோ என்று பார்க்க, கேள்வி கேட்டு மார்க் போடும் சோதனைகள் பல உண்டு. அவற்றில் எம்எம்எஸ்இ 1975-இல் வந்தது. பத்து நிமிடத்தில் முடியும். டாக்டர்கள் பலருக்கும் மனப்பாடம். ஆனால் ஞாபகத்துக்கு அதில் மூன்றே சொற்கள், அதையும் கொஞ்ச நேரத்திலேயே திருப்பிக் கேட்டுவிடுவார்கள். நூறிலிருந்து ஏழேழாகக் கழிப்பதெல்லாம் பேங்கில் முப்பது வருடம் இருந்தவருக்கு ஒரு விஷயமா? ஸ்கூட்டரை எங்கே நிறுத்தினோம் என்று தினமும் தேடுகிறவரும் 28 வாங்கிவிடுவார்.

மான்ட்ரியலில் உருவான மோகா என்ற சோதனை இந்த ஓட்டையை அடைக்க வந்தது. ஐந்து சொற்கள், சொல்வதற்கும் திருப்பிக் கேட்பதற்கும் நடுவே ஐந்து நிமிடம். 30-க்கு 26-க்குக் கீழே போனால் கவனிக்க வேண்டும். அதை அறிமுகம் செய்த 2005 ஆய்வில், லேசான அறிவாற்றல் குறைபாடு உள்ளவர்களில் 90 சதவீதம் பேரை மோகா கண்டுபிடித்தது. எம்எம்எஸ்இ 18 சதவீதம்தான். கடிகாரம் வரைந்து பதினொன்று பத்து காட்டச் சொல்லும் பகுதியைப் பாருங்கள். பெரிய முள் 2-க்குப் போக வேண்டும். காதில் 'பத்து' விழுந்ததும் 10-இல் கொண்டுபோய் வைக்கிறவர்கள் உண்டு. இது மறதி இல்லை, யோசித்துச் செய்கிற திறனின் தடுமாற்றம். எம்எம்எஸ்இயில் இது பிடிபடாது. மோகாவின் குறை, அதே ஆய்வில் நன்றாக இருந்தவர்களில் 13 சதவீதம் பேரையும் அது சந்தேகப்பட்டது. பன்னிரண்டு வருடமோ குறைவாகவோ படித்தவர்களுக்கு ஒரு மார்க் கூட்டுவார்கள். பள்ளிக்கூடமே போகாத பாட்டிக்கு அந்த ஒரு மார்க் எந்த மூலைக்கு?

அவருக்கு ரூடாஸ் என்ற சோதனை மேல். பல மொழிக்காரர்கள் வாழும் சிட்னியில் உருவானது. மளிகைப் பட்டியல் மாதிரி டீ, எண்ணெய், முட்டை, சோப்பு, இவைதான் நினைவில் வைக்க வேண்டியவை. சிக்னலோ ஜீப்ரா கோடோ இல்லாத பரபரப்பான தெருவை எப்படிப் பத்திரமாகக் கடப்பீர்கள் என்றொரு கேள்வியும் உண்டு. அங்கே அது கற்பனை, நமக்குப் பால் வாங்கப் போகிற வழி! மோகாவில் இருக்கிற கனசதுரம் வரையும் வேலையிலிருந்து மட்டும் இதிலும் தப்ப முடியாது. 30-க்கு 22-க்கு மேல் போகாவிட்டால் டிமென்ஷியா சந்தேகம். ஆரம்பகட்டச் சறுக்கலுக்கு நான் இதை மட்டும் நம்ப மாட்டேன்.

மூன்றுமே சலிக்கிற சல்லடைகள். சந்தேகம் தீராவிட்டால் சில மணி நேரம் உட்காரவைத்துச் செய்யும் முழு நியூரோசைக்காலஜி பரிசோதனைக்குப் போக வேண்டும். போகும் முன் ரத்தத்தில் பி12, தைராய்டு பார்த்துவிடுங்கள், அவை குறைந்தாலும் மறதி வரும். காது மெஷினையும் கண்ணாடியையும் வீட்டில் விட்டுப் போகாதீர்கள். எந்தப் பகுதியில் மார்க் போனது என்று கேட்டு எழுதி வையுங்கள், அடுத்த வருடமும் அதே சோதனையையே கேளுங்கள்.