முன்னாள் ஆன பிறகு கையில் என்ன மிச்சம்? வட்டாரமா, மாகாண சபையா, பாராளுமன்றமா

"தம்பி, அவசரப்படாதை. இந்த உள்ளூராட்சித் தேர்தலை விடு. வாற வருசம் மாகாண சபை முடியுது, அதுக்குக் கேள். உனக்கொரு இடம் பார்ப்பம்."

2017 மார்கழியில், வேட்புமனு கொடுக்க ஒரு கிழமை இருக்கும்போது, கட்சியில் மூத்தவர் ஒருவர் எனக்குச் சொன்ன புத்திமதி இது. என் கூட்டாளி ஒருவனுக்கும் அதையேதான் சொன்னார். அவன் கேட்டான், நான் கேட்கவில்லை. யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியில் ஒரு பிரதேச சபைக்கு என் வட்டாரத்தில், அதாவது சபையின் சிறு தொகுதி ஒன்றில் நின்று, 2018 பெப்ரவரி 10ஆம் திகதி வென்றேன். அவன் இன்றைக்கும் மாகாண சபையின் வருங்கால வேட்பாளர்தான்.

இப்போது அக்காவின் மகன் படிப்பு முடித்துவிட்டு வந்து நிற்கிறான். "மாமா, அரசியலுக்கு வாறதெண்டால் எதிலை தொடங்கிறது நல்லது?" என்று போன மாதம் கேட்டான். அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். நான் எந்தப் பக்கம் சாய்வேன் என்பது இதற்குள் தெரிந்திருக்கும், ஒளிக்க ஒன்றும் இல்லை.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடுவோம். சம்பளம், மரியாதை, முன்வரிசைக் கதிரை என்று பார்த்தால் பாராளுமன்றம், பிறகு மாகாண சபை, கடைசியில் பிரதேச சபை. எங்களுக்கு வரும் மாதப்படி பெற்றோலுக்கும் கலியாண வீடு, செத்தவீடு என்று ஓடுவதற்குமே சரியாகப் போய்விடும். போட்டோக்கொப்பிக் கடை இல்லாவிட்டால் நான் சமாளித்திருக்க மாட்டேன். சட்டம் இயற்றுவது பாராளுமன்றம், மாகாணத்துக்குள் செல்லும் நியதிச்சட்டம் இயற்றுவது மாகாண சபை, மதகு கட்டுவது நாங்கள். அவ்வளவுதான்.

மாகாண சபைக்கு வருவோம். அது வெறும் பெயர்ப்பலகை என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. மாகாண சபைகளை உருவாக்கிய அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தில் பொலிஸ், காணி அதிகாரங்கள் எழுத்தில் மட்டும் இருக்கின்றன, உண்மைதான். நியதிச்சட்டம் நிறைவேறினாலும் ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநரின் சம்மதம் வேண்டும், அதுவும் உண்மை. ஆனால் ஊரில் இருக்கும் பெரும்பாலான பள்ளிக்கூடங்கள் மாகாணத்துக்கு உரியவை. பருத்தித்துறை, தெல்லிப்பளை, சாவகச்சேரி ஆதார வைத்தியசாலைகளும் அப்படித்தான். பிரதேச சபைகளைப் பார்க்கும் உள்ளூராட்சித் திணைக்களமே மாகாணத்தின் கீழ்தான் வருகிறது. ஆக, ஒரு மாகாண சபை உறுப்பினரின் கடிதத்துக்கு எங்கள் சபைத் தலைவரான தவிசாளரின் கடிதத்தைவிட நிறை அதிகம்.

அந்த நிறை இல்லாமற்போனபோதுதான் எனக்கு அது விளங்கியது. எங்கள் வட்டாரத்தில் ஒரு ஒழுங்கை மாகாண வீதியோடு சேரும் இடத்தில் மதகு அடைத்துப்போய், மாரி பெய்தால் ஏழெட்டு வீட்டு முற்றங்களில் வெள்ளம் நிற்கும். ஏ, பி வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு, சி, டி வீதிகள் மாகாணத்துக்கு, மிச்சம் எங்களுக்கு. ஒழுங்கை எங்களுடையது, மதகு மாகாணத்தினுடையது. 2018 ஐப்பசிக்கு முன் என்றால் மாகாண சபை உறுப்பினர் ஒருவரைப் பிடித்து ஒரு அமர்வில் கேள்வி எழுப்பியிருக்கலாம். ஐப்பசிக்குப் பிறகு சபையே இல்லை. கடிதத்தைக் கொண்டு திணைக்களத்துக்கு நடந்தேன். அங்கே இருந்தவர் நல்ல மனிதர், ஆனால் அவர் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் நான் இல்லை, மக்கள் தெரிவு செய்த வேறு யாரும் இல்லை. மதகு திறபட இரண்டு மாரி போனது.

அப்படியென்றால் மாகாண சபைக்குத்தானே போக வேண்டும் என்று மருமகனும் கேட்டான். இங்கேதான் நான் எல்லாவற்றையும்விடப் பெரிதாக நினைக்கும் விடயம் வருகிறது. யாழ்ப்பாண அரசியலில் நிரந்தரமான பட்டம் ஒன்றுதான்: முன்னாள். மாகாண சபை 2018 ஒக்டோபரில் காலாவதியானது. எங்கள் உள்ளூராட்சி சபைகள் 2022 மார்ச்சில் முடிய இருந்தன, ஒரு வருடம் நீட்டி 2023 மார்ச்சில் முடிந்தன. பாராளுமன்றம் 2020இலும் 2024இலும் காலம் முடியுமுன்பே கலைக்கப்பட்டது. எந்த ஆசனத்துக்குப் போனாலும் ஒருநாள் காலையில் முன்னாள் உறுப்பினராக எழும்பத்தான் வேண்டும். காணி வாங்கும்போது, நாளைக்கு விற்றால் யார் வாங்குவான் என்று பார்க்கிறோமே, அதுபோல, ஆசனம் போன மறுநாள் கையில் என்ன மிச்சம் என்று பார்த்துத்தான் அரசியலிலும் இடத்தைத் தெரிவு செய்ய வேண்டும்.

அந்தக் கணக்கில் மாகாண சபைக்கு ஒரு பொற்காலம் இருந்தது. 2013 செப்டெம்பர் 21ஆம் திகதி நடந்த தேர்தலில் மொத்தம் 38 ஆசனங்களில் 30 தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு. யாழ் மாவட்டத்தில் மட்டும் 16இல் 14. அப்போது சபைக்குப் போனவர்களுக்கு அது நல்ல ஏணியாகவும் இருந்தது. தர்மலிங்கம் சித்தார்த்தன் 2013இல் மாகாண சபை, 2015இல் பாராளுமன்றம். எதிரணியில் அங்கஜன் இராமநாதனும் அதே வழி, 2015இல் கட்சி நியமிக்கும் தேசியப் பட்டியலால் போனார். கட்சிப் பட்டியலுக்குள் ஆளைத் தெரிந்து போடும் விருப்பு வாக்கு 1,32,255 எடுத்த முதலமைச்சர் சி. வி. விக்னேஸ்வரன் சபை முடிந்த பிறகு சொந்தக் கட்சி தொடங்கி 2020இல் போனார். ஆக, ஏணி பொய்யில்லை. 2017இல் எனக்குப் புத்திமதி சொன்ன மூத்தவரும் இவர்களை மனதில் வைத்துத்தான் சொல்லியிருப்பார்.

ஆனால் அந்த ஏணியை இப்போது யார் நிமிர்த்துவது? 2017இல் மாகாண சபைத் தேர்தல் முறையை மாற்றிச் சட்டம் திருத்தினார்கள். புதிய முறைக்குத் தொகுதி எல்லை வேண்டும். எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்தபோது ஆதரவாக ஒருவர்கூட வாக்களிக்கவில்லை. பழைய முறை சட்டத்தில் இல்லை, புதிய முறைக்கு எல்லை இல்லை. இந்த முடிச்சை அவிழ்க்க வேண்டியது கொழும்பு, நாங்கள் இல்லை. வடக்கில் ஒருவர் எவ்வளவு உழைத்தாலும், எவ்வளவு செல்வாக்கு இருந்தாலும், கேட்பதற்கு ஒரு தேர்தலைத் தானே வைத்துவிட முடியாது. என் கூட்டாளியிடம் குறை ஒன்றும் இல்லை. என்னைவிட நன்றாகப் பேசுவான், சிங்களமும் வரும். ஓடுவதற்குத் தயாராக நின்ற ஆளுக்கு மைதானத்தையே பூட்டிவிட்டார்கள்.

சபை இருந்த காலத்தில் உறுப்பினர்களாக இருந்த சிலரையும் எனக்குப் பழக்கம். அவர்கள் நிதி ஒதுக்கிக் கட்டிய வகுப்பறையும் வாசிகசாலையும் இன்றைக்கும் நிற்கின்றன. ஆனால் மாவட்டம் முழுவதும் பரவிக் கிடப்பதால், அது இன்னார் செய்தது என்று சொல்ல ஆள் இல்லை. அந்த வேலைகள் எல்லாம் ஆளுநரின் கீழ் அதிகாரிகள் கையில் தொடர்கின்றன. சனம் நேரே அங்கே போகப் பழகிவிட்டது. மாகாண முன்னாள் ஒருவர் செய்தித்தாளில் அறிக்கை விடுவார், நினைவேந்தலில் முன்வரிசையில் இருப்பார். அதற்கு மேல் அவரிடம் யாரும் ஒரு வேலைக்குப் போய் நான் கண்டதில்லை.

வட்டாரத்தில் அப்படியில்லை. உடனே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் கூட்டாளி சண்டைக்கு வருவான்: உள்ளூராட்சித் தேர்தலும் பூட்டப்பட்ட மைதானமாகத்தான் கிடந்தது. 2023 மார்ச்சில் வைக்க வேண்டியதைப் பணம் இல்லை என்று தள்ளினார்கள். அது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் சொன்னது. தேர்தல் நடந்தது 2025 மே 6ஆம் திகதி. இரண்டு வருடத்துக்கு மேல் சபைகளைச் செயலாளர்கள்தான் நடத்தினார்கள். ஆனாலும் ஏழு வருடத்தில் இரண்டு தேர்தல் வந்துவிட்டது. மாகாணத்துக்கு ஒன்றுகூட வரவில்லை.

சபைக்குள் நடந்ததைப் பெருமையாகச் சொல்லவும் முடியாது. 2018இல் யாழ் மாவட்டத்தில் பெரும்பாலான சபைகளில் யாருக்கும் அறுதிப் பெரும்பான்மை இல்லை. பாதீட்டு (வரவுசெலவுத் திட்ட) அமர்வு என்றாலே வயிற்றைக் கலக்கும். யாழ் மாநகர சபையில் பாதீடு தோற்று, 2020 கடைசியில் மாநகர முதல்வரே மாறினார். எங்கள் சபையில் அந்த அளவுக்குப் போகவில்லை, ஆனால் ஒரு தெருவிளக்குத் தீர்மானத்துக்காக மூன்று கட்சிக்காரர்களிடம் தேத்தண்ணி குடித்திருக்கிறேன்.

வட்டாரத் தேர்தலில் எனக்குப் பிடித்த இன்னொன்று, சொந்தக் கட்சிக்காரனோடு அடிபடத் தேவையில்லை. மாகாண சபைக்கு யாழ் மாவட்டப் பட்டியலில் ஒரு கட்சிக்கு 19 பேர் நின்றார்கள், வாக்காளருக்கு மூன்று விருப்பு வாக்கு. நெடுந்தீவிலிருந்து வடமராட்சி வரை ஓட வேண்டும், எதிரி யாரென்றால், பக்கத்தில் நின்று கைகாட்டும் நம்மவன்தான். வட்டாரத்தில் வாக்குச்சீட்டில் உங்கள் பெயர்கூட இருக்காது, கட்சியும் சின்னமும்தான். செலவு குறைவு, பகை குறைவு. வட்டாரத்தில் வெல்லாமல் கட்சிப் பட்டியல் ஆசனத்தால் போகும் பெண் உறுப்பினர்களின் அனுபவம் இதிலிருந்து வேறாக இருக்கும் என்று நினைக்கிறேன். 25 வீத ஒதுக்கீட்டில் வந்த ஒரு அக்கா, சொந்தமாக வட்டாரம் இல்லாததால் யாரும் தன்னைத் தேடி வருவதில்லை என்று கவலைப்படுவார்.

2025இல் மறுபடி கேட்டேன், தோற்றேன். வட்டாரமே கைவிட்டது என்றுதான் நினைத்தேன். மூன்றாம் நாள் காலையில் கடை திறக்கும்போது ஒரு மாமி வந்து நின்றார். தன் மகளின் வீட்டுக்குப் போகும் ஒழுங்கையில் விளக்கு எரியவில்லையாம். "மாமி, இப்ப நான் மெம்பர் இல்லை" என்றேன். "அது தெரியும். நான்தான் மற்றவைக்குப் போட்டனான். ஆனா எந்தக் கம்பம் எண்டு உனக்குத்தானே தெரியும்" என்றார். சிரிப்பதா கோபிப்பதா என்று தெரியவில்லை. தொழில்நுட்ப உத்தியோகத்தருக்கு அழைப்பு எடுத்தேன், எடுத்தார். கடைக்கு வருபவர்களில் பாதிப்பேர் இன்றைக்கும் போட்டோக்கொப்பிக்கு மட்டும் வருவதில்லை. வாக்கு வேறு, இது வேறு. ஆசனம் போன பிறகும் எனக்கு மிச்சமாய் இருப்பது இதுதான்.

பாராளுமன்றத்தைப் பற்றி நான் நீட்டி எழுதமாட்டேன், அது எனக்குத் தெரியாத உலகம். வெளியே நின்று பார்த்ததில் இரண்டு விடயம். யாழ் தேர்தல் மாவட்டத்தின் ஆசனம் 2010இல் 9, 2015இல் 7, 2024இல் 6. கதிரை குறைந்துகொண்டே போகிறது. மற்றது, ஏணி இல்லாமலும் அங்கே போகலாம் என்று 2024 காட்டிவிட்டது. ஆறில் மூன்று தேசிய மக்கள் சக்திக்கு. முகநூல் நேரலைகளால் அறியப்பட்ட மருத்துவர் இராமநாதன் அர்ச்சுனா சுயேச்சையாக ஒன்றை எடுத்தார். 1994 முதல் இருந்த ஈ.பி.டி.பி. தலைவர் டக்ளஸ் தேவானந்தாவுக்கு இடம் போனது. அலை அடித்தால் போகலாம், அலை அடித்தால் வீட்டுக்கும் வரலாம். பாராளுமன்ற முன்னாள்களின் பெயர் வெளிநாடு வரை செல்லும் என்கிறார்கள், இருக்கலாம்.

மருமகனுக்கு என் தீர்ப்பு: வட்டாரம். அடுத்த உள்ளூராட்சித் தேர்தல் வரும் வரை சனசமூக நிலையத்தில் செயலாளராக இரு, கிராம அலுவலரோடு வெள்ள நேரம் நட, எந்த மதகு யாருடையது என்று படி. மாகாண சபை திரும்ப வந்தால், வட்டாரத்தில் நின்ற கால் அங்கேயும் நிற்கும்.

இதைச் சொல்லும்போது கூட்டாளியும் கடையில்தான் இருந்தான். மருமகனின் தோளில் தட்டி, "மாமா சொல்லுறதைக் கேட்டு அவசரப்படாதை தம்பி. வாற வருசம் மாகாண சபை கட்டாயம் வைப்பாங்கள்" என்றான்.