துரப்பண நிறுவனப் பங்கின் பி.இ. வரலாறு: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

எண்ணெய்க் கிணறு தோண்டும் நிறுவனங்களின் பங்குகளைச் சென்னையிலிருந்து பல ஆண்டுகளாகக் கவனித்துவரும் நான், அவற்றின் பி.இ. (பங்கு விலையை ஒரு பங்குக்கான லாபத்தால் வகுத்த விகிதம்) வரைபடத்தைப் போல் அடிக்கடி திறந்ததும், அதே அளவு சந்தேகத்துடன் வாசித்ததும் வேறொன்றில்லை. சோப்பு விற்கும் நிறுவனத்துக்குப் பொருந்துகிற 'பி.இ. குறைந்தால் பங்கு மலிவு' என்ற கணக்கு, இத்துறையில் பெரும்பாலும் தலைகீழாகவே நடக்கிறது.

ரிக்குகள், அதாவது கிணறு தோண்டும் மேடைகள், நாள் வாடகைக்குப் போகின்றன. ஒப்பந்தங்கள் ஆண்டுக்கணக்கில் நீள்வதால், கச்சா எண்ணெய் விலை சரிந்த பின்பும் பழைய உயர்ந்த வாடகை சில காலம் லாபத்தில் வந்துகொண்டிருக்கும். பங்கு விலை அதுவரை காத்திருப்பதில்லை. 2014-இன் நடுவில் 110 டாலரைத் தாண்டியிருந்த பிரென்ட் (உலக அளவுகோலாகக் கொள்ளப்படும் கச்சா எண்ணெய் விலை) 2016 ஜனவரியில் 30 டாலருக்குக் கீழே போனது. இடைப்பட்ட காலத்தில், கடந்த நான்கு காலாண்டுகளின் இ.பி.எஸ். (ஒரு பங்குக்கான லாபம்) பெரிதாகவும் பங்கு விலை சிறிதாகவும் இருந்ததால், உலகின் பெரிய துரப்பண நிறுவனங்கள் பலவற்றின் பி.இ. ஒற்றை இலக்கத்தில் நின்றது. பின்னர் ஒப்பந்தங்கள் முடிந்தன, லாபம் நட்டமானது, வரைபடத்தில் கோடு அறுந்தது.

அறுந்த அந்த இடத்தைத்தான் நான் முதலில் பார்ப்பேன். நட்ட ஆண்டுகளுக்குப் பி.இ. கிடையாது என்பதால், பத்தாண்டு சராசரி என்று காட்டப்படும் எண் பெரும்பாலும் நல்ல ஆண்டுகளின் சராசரி மட்டுமே.

கடனும் அந்த விகிதத்தில் தெரியாது. எழும்பூரில் தலைமையகம் கொண்ட அபான் ஆஃப்ஷோர், நார்வேயின் சின்வெஸ்ட் நிறுவனத்தை 2006-இல் வாங்கத் தொடங்கியபோது பெருங்கடனும் கூடவே வந்தது. அபானின் ரிக்குகளில் பலவும் கடனில் பெரும்பகுதியும் சிங்கப்பூர் துணை நிறுவனத்தின் கீழ் இருந்தன. ஆகவே தனி நிறுவனக் கணக்கைக் கொண்டு போட்ட பி.இ. பாதிக் கதையைக்கூடச் சொல்லாது. துணை நிறுவனங்களையும் சேர்த்த ஒருங்கிணைந்த கணக்கைத் தேர்ந்த பிறகுதான் வரைபடத்தைப் பார்க்க வேண்டும். (பல பங்குத் தகவல் தளங்களில் அதைத் தேர்வதற்கான பொத்தான் கண்ணில் படாத மூலையில் இருக்கிறது.)

அமெரிக்கச் சந்தையில் வேறொரு சிக்கல். 2020-இல் டயமண்ட் ஆஃப்ஷோர், நோபிள், வலாரிஸ் ஆகிய துரப்பண நிறுவனங்கள் மூன்றும் திவால் பாதுகாப்பு கோரின. 2021-இல் மீண்டு வந்தபோது பழைய பங்குகள் ரத்தாகிப் புதியவை வெளியாயின. பெயர் ஒன்றே என்று முன்னும் பின்னுமான பி.இ.-யை ஒரே கோடாக இணைத்து ஒப்பிடுவது வீண் வேலை.

இப்போது நான் பி.இ. கோட்டைப் பிரென்ட் விலைக்கும் நாள் வாடகைக்கும் பக்கத்தில் வைத்தே பார்க்கிறேன். சந்தை மதிப்பைப் பத்தாண்டுச் சராசரி லாபத்தால் வகுத்தும் பார்க்கிறேன், அதில் நட்ட ஆண்டுகளும் அடங்கும். ரிக் விற்ற லாபம், டாலர் மாற்று ஆதாயம் போன்ற ஒருமுறை வரவுகளைக் கழித்துவிடுகிறேன். சில செயலிகள் நட்ட நிறுவனத்துக்கு எதிர்மறை பி.இ. காட்டி, மலிவுப் பட்டியலின் தலையிலேயே அதை உட்கார வைக்கின்றன, வடிகட்டியில் 'இ.பி.எஸ். சுழியத்துக்கு மேல்' என்ற நிபந்தனையைச் சேர்த்தால் அவை விலகிவிடும்.