கோழிக்குஞ்சுக்கு விற்கிற தெர்மோஸ்டாட்டில் வெந்த சர்ஃப் போர்டு

590 ரூபாய்க்கு ஒரு சின்னக் கருப்புத் தெர்மோஸ்டாட் வாங்கினேன், எஸ்.டி.சி. 1000 என்று பெயர், நாம் வைக்கிற சூட்டுக்குத் தகுந்தபடி கரண்டைத் தானாகப் போட்டு அணைக்கும். முட்டை பொரிக்கிற இன்குபேட்டர் வைத்திருப்பவர்களுக்கும் மீன் தொட்டிக்காரர்களுக்கும் பழக்கமான சாமான்தான். நான் வாங்கியது, எப்பாக்ஸி (ரெசின், ஹார்டனர் என்று இரண்டு திரவத்தைக் கலந்து இறுக வைக்கிற பசை) பூசிய சர்ஃப் போர்டை, அதாவது கடல் அலை மேல் ஏறி நிற்கிற பலகையை, சூடு காட்டி இறுக வைப்பதற்கு. இதுவரை மூன்று போர்டுகளுக்கு ஓட்டியாகிவிட்டது. நல்ல சாமான், தைரியமாக வாங்கலாம். ஆனால் இது எதற்கு வேண்டும் என்று சொல்லாமல் விலையையும் தரத்தையும் மட்டும் எழுதினால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எங்கள் வீடு காரைக்குடிக்குப் பக்கத்தில் பள்ளத்தூரில். அலையேறப் போவது சென்னைப் பக்கம் கோவளம், மாமல்லபுரம். பக்கத்திலேயே தொண்டிக் கடல் இருக்கிறதே என்று ஊரில் கேட்பார்கள். அது பாக் விரிகுடா, பெரிய அலை உள்ளே வராமல் இலங்கை மறைத்துக்கொண்டு நிற்கிறது, பாதி நாள் கண்மாய் மாதிரி கிடக்கும். ஆனால் போர்டு செய்ய எங்கள் வீடு மாதிரி ஓர் இடம் சென்னையில் கிடைக்காது. வீட்டின் இரண்டாவது முற்றப் பகுதியான இரண்டாங்கட்டில் ஏழு அடி போர்டைப் போட்டு நாலு பக்கமும் சுற்றி வந்து வேலை பார்க்கலாம், தூசி கிளம்பினால் மேலே கூரையில்லாத வானவாசல் வழியாகப் போய்விடும்.

முதல் போர்டைப் போன வருஷம் செய்தேன். தெர்மோகோல் கட்டையைச் செதுக்கி, மேலே ஃபைபர் துணி போர்த்தி, எப்பாக்ஸி தேய்த்தேன். (தெர்மோகோலுக்கு எப்பாக்ஸிதான் போட வேண்டும், பாலியஸ்டர் ரெசின் ஊற்றினால் கட்டை கரைந்து குழியாகிவிடும்.) இரண்டு நாளில் இறுகிவிட்டது. ஒரு வாரம் விட்டுத் தட்டிப் பார்த்தேன், டக் டக் என்று கல் மாதிரி சத்தம். மே மாதம், கார் மேலே பெல்ட் போட்டுக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். உளுந்தூர்பேட்டை தாண்டி டீ குடிக்க நிறுத்தி, பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தால், பெல்ட் போர்டுக்குள் இறங்கியிருந்தது. இரண்டு இடத்தில் விரல் அகலத்துக்குப் பள்ளம். கண்ணாடி போல மணல்தாள் போட்டு வைத்திருந்த மேல்பாகத்தில் துணியின் நெசவு வரி வரியாகத் தெரிந்தது. மூன்று வாரம் ராத்திரி ராத்திரியாகச் செய்தது, ரோட்டோரம் நின்று பார்க்கவே முடியவில்லை.

எங்கள் தெருவில் சிக்ரியில் (காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாமா ஒருவர் இருக்கிறார், வாழ்நாள் முழுக்கத் துருப்பிடிக்காத பூச்சுகளோடு இருந்தவர். போர்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் முதலில் கேட்டது, "எந்தச் சூட்டில் இறுக வச்சீங்க தம்பி?" சாதாரணமாக வீட்டுக்குள்தான் என்றேன். "அதான். இது பச்சைச் செங்கல். காஞ்சிருக்கு, ஆனா சூளைக்குப் போகல" என்றார்.

அவர் சொன்னதன் சாரம் இதுதான். எப்பாக்ஸி பெயின்ட் மாதிரி காய்வதில்லை. ரெசினும் ஹார்டனரும் கைகோத்துக் கைகோத்து ஒரு வலையாகப் பின்னிக்கொள்கின்றன. பின்ன ஆரம்பித்தவுடன் கெட்டியாகி, அசைய இடமில்லாமல், மிச்சமிருக்கிற கைகள் கோக்காமலே நின்றுவிடும். தொட்டால் கல், ஆனால் உள்ளே வேலை பாக்கி. அப்படி நின்றுபோன எப்பாக்ஸி, எந்தச் சூட்டில் இறுகியதோ அதற்குக் கொஞ்சம் மேலே போனதும் இளக ஆரம்பிக்கும். மறுபடி நிதானமாகச் சூடு காட்டினால் அந்தக் கைகளுக்கு அசைய இடம் கிடைத்து மிச்ச வேலையும் முடியும், அப்புறம் இளகுகிற சூடும் மேலே ஏறிவிடும். 30 டிகிரியில் இறுகிய போர்டை மே மாத வெயிலில் கார் கூரையில் ஏழு மணி நேரம் காய விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு நான் கொண்டுபோன போர்டே பதில்.

இதில் எங்கள் ஊர் வீட்டுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. வெளியே 39 டிகிரி அடிக்கிறபோது உள்ளே பட்டாலையில் 30, 31 தான் இருக்கும். தடித்த சுவர், சுண்ணாம்புப் பூச்சு, உயரமான கூரை, காலுக்கு ஆத்தங்குடிக் கல், எல்லாம் சூடு ஏறக் கூடாது என்றே கட்டியது. எப்பாக்ஸி தேய்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது. பத்து டிகிரி சூடு கூடினால், கலந்தபின் தேய்க்கக் கையில் இருக்கிற நேரம் ஏறக்குறைய பாதியாகும், வெளியே நின்று கலந்தால் துணியில் பரவும் முன்பே டப்பாவில் கொதித்துப் புகைந்துவிடும். ஆனால் தேய்க்க உதவுகிற அதே குளிர்ச்சிதான் இறுக விடாமல் கெடுக்கிறது.

வெயில் சும்மா கிடைக்கிறதே என்று இரண்டாவது போர்டை அப்பத்தா வத்தல் காயப் போடுகிற மொட்டை மாடியில் வைத்தேன். செய்யாதீர்கள். மேல்பக்கம் சுடச்சுட, அடிப்பக்கம் நிழலில். அடர் நீலம் வேறு பூசியிருந்தேன், ஒரு மணி வெயிலில் கை வைக்க முடியவில்லை, சாயங்காலம் பார்த்தால் நடுவில் உள்ளங்கை அளவுக்குக் கொப்புளம். வெயிலின் சூட்டை நிறுத்தவும் முடியாது, இவ்வளவு போதும் என்று சொல்லவும் முடியாது.

அப்புறம்தான் போர்டை உள்ளே வைத்துச் சூடு காட்ட ஒரு பெட்டி செய்தேன். இரண்டு அங்குலத் தெர்மோகோல் பலகைகளை ஒட்டி எட்டடி நீளம், இரண்டரை அடி அகலம், இரண்டடி உயரம். உள்ளே முழுக்க அலுமினியத் தாள். சூட்டுக்கு 100 வாட் குண்டு பல்பு நான்கு, ஒவ்வொன்றின் முன்னும் ஒரு தகரத் தடுப்பு, பல்பின் சூடு நேராகப் போர்டில் படக் கூடாது. பழைய கம்ப்யூட்டரில் இருந்த சின்ன ஃபேன் ஒன்று காற்றைச் சுற்றிவிடும். வயரிங் செய்ய வந்த எலக்ட்ரீஷியன் அண்ணன், "என்ன தம்பி, நாட்டுக்கோழியா?" என்று கேட்டார். கோழிக்குஞ்சுக்குப் புரூடர் (குஞ்சுகளைக் கதகதப்பாக வைக்கிற கூண்டு) கட்டித் தந்து பழகியவர், அரை மணி நேரத்தில் முடித்துவிட்டார்.

இனி தெர்மோஸ்டாட். நாலு பட்டன், சிவப்பு எண்கள், ஒரு வயரின் நுனியில் சென்சார். எஃப் 1 என்பது வேண்டிய சூடு. எஃப் 2, எத்தனை டிகிரி இறங்கினால் மறுபடி போட வேண்டும் என்பது. வந்தபோது 0.5 என்று இருந்தது, 1 ஆக்கினேன், பல்பைப் போட்டு அணைக்கிற உள் சுவிட்சான ரிலே ஓயாமல் டிக் டிக் என்று அடிப்பது குறைந்தது. வாங்குகிறவர்கள் தடுமாறுகிற இடம் வயரிங்: 5, 6 என்று போட்டிருக்கிற சூட்டு முனைகளில் கரண்ட் தானாக வராது, அது வெறும் சுவிட்ச். லைனை நாம்தான் 5-க்குக் கொண்டுபோய், 6-லிருந்து பல்புக்கு எடுக்க வேண்டும். 7, 8 குளிர்ச்சிக்கு, சும்மா விட்டுவிடலாம். ரிலே 10 ஆம்பியர் என்கிறார்கள், நான்கு பல்புக்கு இரண்டு ஆம்பியர்கூட ஆகாது. 2000 வாட் ரூம் ஹீட்டரை இதில் மாட்ட வேண்டாம், கிட்டத்தட்ட ஒன்பது ஆம்பியர் இழுக்கும், மணிக்கணக்கில் தாங்கும் என்று நம்ப மாட்டேன்.

எனக்கு வந்ததில் ஒரு குறை. வீட்டுக் காய்ச்சல் தெர்மாமீட்டரையும் இதன் சென்சாரையும் ஒரே வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்துப் பார்த்தேன், இது 1.8 டிகிரி கூடக் காட்டியது. எஃப் 4-ல் அதைக் கழித்துக்கொள்ள வசதி இருக்கிறது, கழித்தபின் சரியாகிவிட்டது. இதே பெயரில் எத்தனையோ நகல்கள் விற்பதால் வந்தவுடன் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். நான் முதலில் ஆர்டர் போட்டபோது விற்பனையாளர் 12 வோல்ட் மாடலை அனுப்பிவிட்டார், முகப்பு அச்சு அசல் ஒன்றுதான், பின்பக்க ஸ்டிக்கரைப் படித்ததால் தப்பித்தேன். படிக்காமல் 230-ல் கொடுத்திருந்தால் அங்கேயே கருகியிருக்கும்.

சென்சாரை எங்கே வைப்பது என்பதில்தான் நான் அதிகம் திணறினேன். காற்றில் தொங்கவிட்டால் காற்று 50 ஆனதும் பல்பு அணைந்துவிடும், போர்டு 43-லேயே நிற்கும். போர்டில் ஒட்டினால் போர்டு 50 ஆகிற வரைக்கும் பல்பு எரிந்து, பக்கத்துக் காற்று 60-ஐத் தாண்டிவிடும். கடைசியில் சென்சாரைப் போர்டில் ஒட்டி, இலக்கை ஒரே தாவலில் வைக்காமல் ஐந்து ஐந்து டிகிரியாக நானே ஏற்றினேன். 35, அரை மணி. 40, அரை மணி. இப்படி 52 வரைக்கும் போய் அங்கே ஆறு மணி நேரம். மறுமுனையில் இன்னொரு தெர்மாமீட்டர், இரண்டுக்கும் வித்தியாசம் இரண்டு டிகிரிக்குள் இருந்தது. முடிந்ததும் அணைத்துவிட்டு மூடியைத் திறக்காமல் விடியும்வரை விட்டேன். 60-க்கு மேலே எக்காரணத்துக்கும் போகாதீர்கள், அதற்குமேல் தெர்மோகோலே தளர ஆரம்பிக்கும்.

சில விஷயங்கள் தெர்மோஸ்டாட் பார்த்துக்கொள்ளாது. எப்பாக்ஸி ஈரமாக இருக்கும்போது சூடு கூடாது, கட்டைக்குள் இருக்கிற காற்று விரிந்து துணி வழியாகக் குமிழ் குமிழாக வரும். நான் சூடு இறங்குகிற சாயங்காலத்தில் தேய்த்து, ஒரு நாள் முழுக்க விட்டு, அப்புறம்தான் பெட்டியில் வைக்கிறேன். போர்டில் காற்றுத் துளை போட்டு, அதைத் திறந்தே வைக்க வேண்டும். 30-லிருந்து 55-க்குப் போனால் உள்ளே இருக்கிற காற்று எட்டு சதவீதம் விரியும், போக வழி இல்லையென்றால் துணியைப் பிய்த்துக்கொண்டு கிளம்பும். மொட்டை மாடிக் கொப்புளம் அப்படி வந்ததுதான் என்று இப்போது புரிகிறது. போர்டுக்கு அடியில் நாலு இடத்திலாவது முட்டுக் கொடுங்கள், சூட்டில் முதலில் இளகித்தான் பிறகு இறுகும், நடுவில் தாங்கல் இல்லாவிட்டால் வளைவு மாறிவிடும். ரெசினும் ஹார்டனரும் அளவு பிசகியிருந்தால் எத்தனை மணி நேரம் சூடு காட்டினாலும் பிசுபிசுப்பு போகாது, தராசில் நிறுத்துத்தான் கலக்க வேண்டும்.

பாதுகாப்பைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இந்த ரிலே ஒட்டிக்கொண்டால் பல்பு அணையவே அணையாது, சுற்றிலும் இருப்பதோ தீப்பிடிக்கிற தெர்மோகோல். 65 டிகிரியில் தானாகத் துண்டிக்கிற ஒரு சின்ன உலோக சுவிட்சைத் தனியாக லைனில் போட்டிருக்கிறேன், சில்லறை விலைதான். அது இருந்தும் பல்பு எரிகிறவரைக்கும் நான் பக்கத்தில் கயிற்றுக் கட்டில் போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

கரண்ட் செலவைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். சூடு ஏறியபின் பல்புகள் மூன்றில் ஒரு பங்கு நேரம்தான் எரிகின்றன, ஒரு போர்டுக்கு இரண்டு யூனிட்டுக்குள் முடிந்தது.

மூன்றாவது போர்டு, அதாவது பெட்டியில் வெந்த முதல் போர்டு, இந்த மே மாதம் அதே காரில், அதே பெல்ட்டில், அதே பகல் வெயிலில் கோவளம் போனது. உளுந்தூர்பேட்டையில் நிறுத்தவே இல்லை, பார்க்கப் பயமாக இருந்தது. கோவளத்தில் பெல்ட்டை அவிழ்த்துக் கையால் தடவிப் பார்த்தேன். ஒரு கோடுகூட இல்லை. மணல்தாள் போடும்போதே வித்தியாசம் தெரிந்திருந்தது, பழைய போர்டில் தாள் பசை மாதிரி அடைத்துக்கொள்ளும், இதில் மாவாக உதிர்ந்தது. முழங்கால் ஊன்றி நாலு நாள் ஏறி இறங்கியும் மேல்பாகத்தில் குழி விழவில்லை.

பெட்டி இப்போது இரண்டாங்கட்டில் சுவரோரம் சும்மாதான் நிற்கிறது. மழை பிடித்துக்கொண்டால் வத்தலை இதில் காய வைக்கலாமா என்று அப்பத்தா கேட்டார்கள், எப்பாக்ஸி ஆவி பட்ட பெட்டி, சாப்பாட்டுச் சாமான் வைக்கவே கூடாது என்று சொல்லிவிட்டேன். ஆனால் காரைக்குடி, தேவகோட்டை சுற்று வட்டாரத்தில் யாராவது போர்டோ துடுப்போ படகுக்கு ஏதாவதோ எப்பாக்ஸியில் செய்கிறீர்கள் என்றால் சொல்லுங்கள், எடுத்துப்போய்ப் பயன்படுத்திக்கொள்ளலாம். எட்டடிப் பெட்டி, ஆட்டோவில் ஏறாது, குட்டி யானை கொண்டு வாருங்கள். பல்பு மட்டும் நீங்கள் வாங்கிக்கொள்ள வேண்டும், இந்தக் குண்டு பல்பு இப்போதெல்லாம் கடைக்காரர் உள்ளே போய்த் தேடித்தான் எடுத்து வருகிறார்.