தடித்த தலைக்கவசம்: வெட்டைத் தடுக்கும், சாவை அல்ல

1982இல் அமெரிக்க வீரர் ரே மான்சினியிடம் 14ஆம் சுற்றில் விழுந்து, சில நாளில் இறந்துபோன தென் கொரிய வீரர் கிம் டுக் கூவை நினைத்தால் குத்துச்சண்டை ரசிகர்களுக்கு இன்றும் நெஞ்சு பதறும். அந்தப் பயத்தில்தான் பலர் கன்னப்பட்டை வைத்த கவசத்தை வாங்குகிறார்கள். புருவம் கிழியாது, காதும் தப்பும், பயிற்சிக்கு வாங்கலாம். ஆனால் குத்து பட்டுத் தலை வெடுக்கெனச் சுழலும்போது மூளை உறையை ஒட்டிய சிரைகள் அறுந்துதான் ரத்தம் கட்டுகிறது. அந்தச் சுழற்சியை எவ்வளவு தடித்த நுரையும் நிறுத்தாது.

வாங்கும்போது மாட்டி, கையால் பக்கவாட்டில் திருப்பிப் பாருங்கள். கவசம் மட்டும் நகர்ந்தால் அளவு பெரிது. வியர்த்ததும் வழுக்கிக் கண்ணை மறைக்கும், வரும் குத்து தெரியாது.

பயிற்சிக்குப் பின் தலைவலி கூடினாலோ வாந்தி வந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று தயவுசெய்து விடாதீர்கள்.