எக்ஸ்நெக்ஸ்ட்ஈவென்ட்டில் காத்திருக்கும் த்ரெட்டை நிறுத்துதல்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

லினக்ஸில் எக்ஸ்லிப் (Xlib, விண்டோக்களை நிர்வகிக்கும் எக்ஸ் சர்வருடன் பேச உதவும்) நூலகத்தைக் கொண்டு எழுதப்பட்ட, படங்களைக் காட்டும் நிரல் ஒன்றைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். விண்டோவுக்கு வரும் ஈவென்ட்களைக் (விசை அழுத்தம், மவுஸ் அசைவு போன்றவை) கவனிக்க அதில் தனி த்ரெட் (நிரலுக்குள் இணையாக ஓடும் செயலோட்டம்) உண்டு. நிரலை மூடும் வேளையில் அந்த த்ரெட் பெரும்பாலும், அடுத்த ஈவென்ட்டை எடுத்துத் தரும் எக்ஸ்நெக்ஸ்ட்ஈவென்ட் (XNextEvent) அழைப்புக்குள் காத்திருக்கும். நிறுத்தச் சொல்லி ஒரு மாறியில் குறித்து வைத்தாலும், அடுத்த ஈவென்ட் வரும்வரை அது அதைப் பார்க்காது. சிக்னல் அனுப்புவதும் உதவாது. இடையில் கலைந்த காத்திருப்பை நூலகமே மீண்டும் தொடங்கிவிடும். பிதிரெட் கேன்சல் (pthread_cancel) கொண்டு த்ரெட்டை வலிந்து முடித்தால் நூலகத்தின் உட்பூட்டு பிடித்தபடியே நின்றுவிடக்கூடும் என்பதால் அதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

முதலில் பயன்படுத்தியது கிளையன்ட்மெசேஜ் முறை: நிரல் தனக்கே ஒரு செய்தி ஈவென்ட்டை அனுப்பி அந்தக் காத்திருப்பை முடிப்பது. செய்தியை அனுப்பும் எக்ஸ்சென்ட்ஈவென்ட்டில் ஈவென்ட் மாஸ்க்கைச் சுழியமாக வைத்தால், விண்டோவை உருவாக்கிய கிளையன்ட்டுக்கே (சர்வருடன் இணைந்த நிரலுக்கே) செய்தி வந்து சேரும். தேங்கியிருக்கும் கோரிக்கைகளைச் சர்வருக்கு அனுப்பும் எக்ஸ்ஃப்ளஷை உடனே அழைக்க வேண்டும். ஒரே இணைப்பை இரு த்ரெட்கள் தொடுவதால் நூலகத்தைப் பல த்ரெட்களுக்கு ஏற்பத் தயார்செய்யும் எக்ஸ்இனிட்த்ரெட்ஸ் எல்லாவற்றுக்கும் முன்னால் அழைக்கப்பட்டிருக்க வேண்டும் (2022இல் வந்த லிப்எக்ஸ்11 1.8 முதல் நூலகமே இயல்பாக இதைச் செய்கிறது). முறை சரியானதுதான், ஆனால் செய்தி சர்வர் வரை சென்று திரும்ப வேண்டியிருப்பதால், தொலைவிலுள்ள திரையில் நிரல் மூடத் தாமதமானது.

ஆகவே பைப் (ஒரு முனையில் எழுதியதை மறுமுனையில் வாசிக்கும் வழி) முறைக்கு மாறினேன். இன்றுவரை அதில்தான் இருக்கிறேன். கனெக்‌ஷன்நம்பர் தரும் சாக்கெட்டையும் (சர்வருடனான இணைப்பு) பைப்பின் வாசிப்பு முனையையும் ‘போல்’ (poll, எதில் தரவு வந்தாலும் விழிக்கும்) அழைப்பில் சேர்த்துக் காத்திருந்தால், மறுமுனையில் ஒரு பைட் எழுதியதும் த்ரெட் விழித்துக்கொள்ளும். இதில் தவறவிடக் கூடாத நுணுக்கம் ஒன்று உண்டு: சாக்கெட்டிலிருந்து ஏற்கெனவே வாசிக்கப்பட்ட ஈவென்ட்கள் நூலகத்தின் வரிசையில் கிடக்கலாம், அவற்றைப் பற்றி ‘போல்’ அழைப்புக்கு எதுவும் தெரியாது. எனவே காத்திருக்கும் முன் ஒவ்வொரு முறையும் மீதமுள்ள ஈவென்ட்களின் எண்ணிக்கையைச் சொல்லும் எக்ஸ்பெண்டிங் சுழியம் தரும்வரை ஈவென்ட்களை எடுத்துத் தீர்க்க வேண்டும். இல்லையேல், அழுத்திய விசையின் விளைவு, மவுஸை அசைத்த பிறகே திரையில் தெரியும். வேறொரு த்ரெட் அதே இணைப்பில் எக்ஸ்சிங்க் போன்று பதிலுக்குக் காத்திருக்கும் அழைப்பைச் செய்தாலும் இதே கோளாறு நேரும். அந்த அழைப்பு, வந்த ஈவென்ட்களையும் சேர்த்து வரிசைக்குள் இழுத்துவிடும்.

அதனால் டிஸ்ப்ளேயை (சர்வருடனான இணைப்பை) தொடும் உரிமை ஒரே த்ரெட்டுக்குத்தான் என்று வரையறுத்து, மற்றவை தங்கள் வேலைகளைப் பூட்டுடன் கூடிய ஒரு பட்டியலில் வைத்து அதே பைப்பில் தட்டி எழுப்பும்படி அமைத்தேன். நிறுத்தக் கோரிக்கையும் அவ்வாறே வருகிறது; விண்டோவை அழித்து எக்ஸ்குளோஸ்டிஸ்ப்ளேயை அழைப்பது அந்த த்ரெட்டே, முதன்மை த்ரெட் பிதிரெட் ஜாயினில் அது முடியக் காத்திருக்கிறது.